துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் அண்ணன் துப்பாக்கி, ஊர் கூடி நின்ற இடத்தில் வெடிக்காமல் போனதற்கு முழுக் காரணம் நான்தான். இன்றைக்கு இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லாததற்குப் பயம் காரணமில்லை. எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

எழுபத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம். அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் புரவியெடுப்பு. வேளார் வீட்டுப் பொட்டலில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலுக்குப் போவார்கள். தூக்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒரு தடவை வெடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குதிரைகள் தரையை விட்டுக் கிளம்பும். ஊர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்திருந்த மரியாதை அது.

அண்ணன் உடையப்பன் இருந்தவரை அவர் வெடித்தார். அவர் இறந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் கோயில் பக்கம் போகவில்லை. அதற்குள் துப்பாக்கி லைசென்ஸ் மதினி சிட்டாள் பேருக்கு மாறிவிட்டது. மாசியில் விதைத்த கடலை காட்டில் கிடந்தது. காட்டுப்பன்றிகள் அண்ணன் செத்ததற்காகத் துக்கம் காக்கவில்லை. மதினி அந்த ஒரு வருஷத்தில் துப்பாக்கியை நன்றாகவே பழகிக்கொண்டார்.

இந்த வருஷம் யார் வெடிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மதினியைப் பார்த்தேன். மதினி யாரையும் பார்க்காமல் எழுந்து, லைசென்ஸ் தன் பேரில் இருக்கிறது, வேறு யார் விசையை இழுத்தாலும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் பங்காளி கோட்டைச்சாமி அண்ணன் துள்ளிக் குதித்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் வெடித்தால் மழை தண்ணி இருக்காது என்றார். ஆம்பளைகள் வெடித்த கடைசி மூன்று வருஷமும் கண்மாய் எந்த மட்டத்துக்குப் பெருகியது என்று மதினி கேட்டார். கண்மாய் பெருகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் அத்தோடு கலைந்தது.

கோட்டைச்சாமி அண்ணனுக்கு அய்யனார் மேல் இருந்த அக்கறையைவிட எங்கள் கடலைக் காட்டின் மேல் அக்கறை அதிகம். அவர் காடு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. துப்பாக்கி இல்லாமல் பன்றியோடு மல்லுக்கட்ட முடியாது, ஒரு வெள்ளாமை போனால் மதினி காட்டைத் தன்னிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார் என்பது அவர் போட்டிருந்த திட்டம். இதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. அந்த வகையில் நேர்மையான மனுஷன்.

இனி என் கைங்கரியம். நான் அப்போது காரைக்குடி செக்காலையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். என் கடைக்குள் வந்த ரேடியோ திரும்பிப் போகும்போது சிலோன் ஸ்டேஷன் மட்டும்தான் எடுக்கும். ஆனாலும் ஊரில் எனக்கு 'மெக்கானிக்' என்று பேர். புரவியெடுப்பு அன்று காலையில், மெக்கானிக் என்ற உரிமையோடு துப்பாக்கியை மதினியிடம் கேட்டு வாங்கினேன். பெண் தொட்ட துப்பாக்கி தீட்டு, அது இது என்று எவனும் வாய் திறக்கக் கூடாது. கோயில் தேர் மாதிரி ஜொலிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு மணி நேரம் சந்தனம் அரைத்தேன். குழலுக்குப் பட்டை போட்டேன். கட்டைக்கு மூன்று பொட்டு வைத்தேன். குங்குமம் வைத்தேன். மல்லிகைச் சரம் சுற்றினேன்.

அது பழைய காலத்துத் துப்பாக்கி. வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் குத்தி இறுக்கிக் கிட்டிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கம் மூக்கு மாதிரி ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் குமிழின் மேல் கேப்பைப் பொருத்த வேண்டும். கேப்பு என்பது பொட்டுக்கடலை அளவில் ஒரு செம்புத் தொப்பி. விசையை இழுத்தால் சுத்தி வந்து கேப்பை அடிக்கும், அதிலிருந்து தெறிக்கிற நெருப்பு குமிழின் துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்துக்குப் போகும். அன்றைக்கு வேண்டிய மருந்தை மதினி விடியற்காலையிலேயே கிட்டித்து வைத்திருந்தார்.

இவ்வளவு அலங்காரம் செய்த பிறகும் அந்த மூக்கு மட்டும் மொட்டையாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். பெரிய பொட்டு.

பொட்டலுக்குத் துப்பாக்கியை ஏந்திக்கொண்டு போனதும் நான்தான். எடுத்துக்கொடுப்பது கொழுந்தன் வேலை என்று சொல்லிக் கேப்பையும் நானே மாட்டினேன். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மதினி துப்பாக்கியை வாங்கி, வாயை வானத்துக்குத் தூக்கி, விசையை இழுத்தார்.

'டப்' என்றது. அவ்வளவுதான். பாக்கு வெட்டுகிற சத்தம்.

ஊர் மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. மதினி அசையவில்லை. துப்பாக்கியை வானத்துக்கே தூக்கிப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கோட்டைச்சாமி அண்ணன், "சிட்டாளுக்கு வானத்துல இருந்து யாராச்சும் வந்து வெடிச்சுக் குடுக்கணும் போல" என்றார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஓடிப்போய்க் குழல் வாய்க்குள் என்ன அடைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போனேன். மதினி என் நெஞ்சில் முழங்கையால் ஓர் இடி இடித்தார். அம்பாரமாகக் கிடந்த வைக்கோலில் போய் விழுந்தேன். அன்றைய கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அந்த இடிக்கு மதினிக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்து சில சமயம் உள்ளே கனன்றுகொண்டிருந்து, ஆற அமர வெடிக்குமாம். அவர் அந்த நேரத்தை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் மூஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் கோயில் அதிர்வேட்டைப் போட்டுக் குதிரைகளைத் தூக்கினார்கள். மதினி செத்துப்போன கேப்பைக் குமிழிலிருந்து கழற்றி, ஒரு தரம் பார்த்துவிட்டு, மடியில் சொருகிக்கொண்டார். துப்பாக்கியோடு வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் நான் போனபோது முற்றத்தில் குழலுக்குள் தண்ணீரை ஊற்றிக் கறுப்பாக வடித்துக்கொண்டிருந்தார். தீட்டுக் கழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மருந்தை ஊறவைத்து வெளியே எடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளும் மெக்கானிக்காக நான் இல்லை.

"ஏன் மதினி வெடிக்கல?" என்று கேட்டேன்.

"சோறு உண்டீகளா தம்பி?" என்றார்.

நான் உண்ணவில்லை. இலை போட்டார், உண்டேன். கேள்வி அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் கோட்டைச்சாமி அண்ணன் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். ஆயுதம் பழுது, லைசென்ஸ்தாரருக்கு அதைக் கையாளத் தெரியவில்லை, ஜனங்கள் கூடிய இடத்தில் பெரும் ஆபத்து உண்டாகப் பார்த்தது, ஆகவே லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வருவார், அதுவரை துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று கிராம மணியம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பன்றிகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியாது. அன்று ராத்திரியே கடலைக் காட்டின் தென்மூலையை உழுதுவிட்டன. அடுத்த நாளிலிருந்து நானும் மதினியும் தகரத்தைத் தட்டிக் காவல் காத்தோம். நான் தட்டுகிற சத்தத்துக்குப் பன்றிகள் தாளம் போட்டுக்கொண்டே கடலை தின்றன.

காரணத்தைக் கண்டுபிடித்தால் ஆர்.ஐ.யிடம் சொல்லி மதினியைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் கிளம்பினேன். யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொன்னார்கள், ஒருத்தரும் நேராகச் சொல்லவில்லை. சாமியாடி, அய்யனாருக்கு மனசு இல்லை என்றார். ஏன் மனசு இல்லை என்று கேட்டதற்கு, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று விபூதி கொடுத்து அனுப்பினார். ஆத்தங்குடிக்கு சைக்கிள் மிதித்து, பூட்டும் துப்பாக்கியும் பழுது பார்க்கும் கருப்பையா ஆசாரியைப் பிடித்தேன். அவர் அரம் போடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"மருந்து நமுத்திருக்கலாம். கேப்பு பழசா இருக்கலாம். வில்லு தளந்து சுத்தி மெதுவா அடிச்சிருக்கலாம். கிட்டிச்சது பத்தாம இருக்கலாம். எண்ணெய அள்ளி ஊத்தி, அது மருந்துக்குள்ள இறங்கியிருக்கலாம். துளை அடைச்சிருக்கலாம்."

"இதுல எது ஆசாரி?"

"துப்பாக்கியக் கொண்டாந்தா சொல்லுவேன்."

"மதினி குடுக்க மாட்டேங்கிறாக."

ஆசாரி அரத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடைசியா அதத் தொட்டது யாரு?" என்றார். நான் பெருமையாக, நான்தான், அலங்காரமெல்லாம் பண்ணினேன் என்று சொன்னேன். அவர் மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மனுஷனுக்கு ஏதோ இழுப்பு நோய் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒன்பதாம் நாள் கோட்டைச்சாமி அண்ணனே வீடு தேடி வந்தார். சமாதானம் பேச வந்தாராம். லைசென்ஸை மாயக்கண்ணன் பேருக்கு மாற்ற மதினி ஒரு கையெழுத்துப் போட்டால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மாயக்கண்ணன் என்பது நான்தான். "ஆம்பள கையில இருந்தா ஊருக்கும் நல்லது, சிட்டாளுக்கும் நல்லது" என்றார். நான் துப்பாக்கி வைத்திருந்தால் பன்றிகளுக்கும் நல்லது என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. லைசென்ஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கும், விசாரணை இல்லை, மதினி நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் அவருக்காகத்தான். அன்று மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்ததும் அவருக்காகத்தான்.

சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தேன். "மதினி, ஒரு கையெழுத்துத்தானே…"

மதினி கடலைச் செடியில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டிருந்தார். உதறுவதை நிறுத்தவில்லை.

"நான் போட மாட்டேன் தம்பி. ரத்து பண்ணுனா ஆர்.ஐ. பண்ணட்டும். நானா என் கையால எழுதிக் குடுக்க மாட்டேன்."

"அப்ப ஏன் வெடிக்கலன்னாவது சொல்லுங்க. நான் அவருகிட்டச் சொல்றேன்."

"அங்குட்டு அந்தத் தகரத்த எடுங்க. பொழுது இறங்கிருச்சு" என்றார்.

பதினோராம் நாள் ஆர்.ஐ. வந்தார். காரைக்குடிப் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளைஞர். துப்பாக்கியைப் பத்தடிக்குள் பார்த்ததில்லை என்பது அவர் நின்ற தூரத்திலேயே தெரிந்தது. வற்றிக் கிடந்த கண்மாய்க் கரையில், புளியமரத்துக்குப் பின்னால் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, மனுவை வாசித்தார். ஊரே வந்திருந்தது. கோட்டைச்சாமி அண்ணன் சலவை வேட்டியில் வந்திருந்தார்.

ஆர்.ஐ. கேட்டார், இந்த ஆயுதம் பழுதா என்று. இல்லை என்றார் மதினி. அன்றைக்கு வெடிக்கவில்லை அல்லவா என்று ஆர்.ஐ. கேட்டார். வெடிக்கவில்லை என்றார். உங்களுக்கு இதைக் கையாளத் தெரியுமா என்று கேட்கும் முன்பே கோட்டைச்சாமி அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"மருந்து கிட்டிக்கத் தெரியுமான்னு கேளுங்க சார். வானத்தப் பாத்து நிக்கத்தான் தெரியும்."

மதினி அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெடிக்காத துப்பாக்கிய வானத்தப் பாத்துத்தான் பிடிக்கணும் மச்சான். உங்களப் பாத்துப் பிடிச்சிருந்தா இன்னைக்கு மனுக் குடுக்க நீங்க இருந்திருக்க மாட்டீக."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து, கோட்டைச்சாமி அண்ணன் பார்வை பட்டதும் அடங்கியது. ஆர்.ஐ. இன்னும் கொஞ்சம் மரத்துக்குப் பின்னால் போனார்.

மதினி வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். வெறும் குழலுக்குள் கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, குமிழின் துளைக்குள் விட்டு எடுத்தார். குழல் வாயிலிருந்து துணிப் பந்தை உள்ளே தள்ளி, இழுத்து, அதை ஆர்.ஐ. பக்கம் காட்டினார். துணி உலர்ந்திருந்தது. பிறகு மருந்தை அளந்து போட்டார். தேங்காய் நாரை உருட்டி வைத்துக் கம்பியால் கிட்டித்தார். அவசரமே இல்லை. ஊர் பார்க்கிறது என்பதே நினைவில் இல்லாதவர் மாதிரி செய்தார். கேப்பை மாட்ட நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். தலையைத் தூக்காமலே, "நீங்க அங்கிட்டே நில்லுங்க தம்பி" என்றார். நின்றேன்.

எழுந்து, எல்லோரையும் தனக்குப் பின்னால் வரச் சொன்னார். வந்தார்கள். கோட்டைச்சாமி அண்ணன் மட்டும் வீம்புக்கு ஓரமாக நின்றார். அவர் வரும்வரை மதினி சுத்தியைத் தூக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஆர்.ஐ.யே, "வாங்களேன் ஐயா" என்று கெஞ்சினார். கோட்டைச்சாமி அண்ணன், சிட்டாளுக்குப் பின்னால், வந்து நின்றார்.

மதினி வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார்.

புளியமரத்துக் கிளிகள் மொத்தமும் எழுந்து பறந்தன. கண்மாயின் எதிர்க்கரை அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. ஆர்.ஐ.யின் கையிலிருந்து விழுந்த பேனாவைப் பிறகு நானும் தலையாரியும் தேடி எடுத்துக் கொடுத்தோம். எனக்குக் கண் கலங்கியது. மருந்துப் புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

புகை கலைந்ததும் ஆர்.ஐ. தாளை விரித்தார். ஆயுதம் நல்ல நிலையில் இருக்கிறது, லைசென்ஸ்தாரர் கையாளத் தெரிந்தவர் என்று எழுதினார். எழுதிவிட்டு, அன்றைக்கு வெடிக்காததற்கும் ஒரு காரணம் எழுத வேண்டும், மனுதாரர் அதைத்தான் கேட்டிருக்கிறார் என்றார்.

"துளை அடைச்சிருந்துச்சு" என்றார் மதினி.

"எதனால அடைச்சது?"

மதினியின் கண் ஒரு நொடி என் மேல் பட்டு விலகியது.

"நான் பாக்காம விட்டதால. துப்பாக்கி யாரு பேர்ல இருக்கோ அவுகதான பாக்கணும். என் பேர்ல இருக்கு. நான்தான் பாக்கல. அப்படியே எழுதுங்க."

ஆர்.ஐ. அப்படியே எழுதினார். மனு தள்ளுபடி. கோட்டைச்சாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆபீசில் ஜெயித்தது கோயிலில் செல்லாது என்றார். மதினி, அடுத்த புரவியெடுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். துப்பாக்கியைத் தூக்கி வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். கடலைக் காட்டு வரப்பில் ஏறும்போது பத்தாவது தடவையாகவோ இருபதாவது தடவையாகவோ கேட்டேன்.

"துளைய எது மதினி அடைச்சுச்சு?"

மதினி நின்றார். மடியை அவிழ்த்து, அன்றைக்குக் கழற்றிய அந்தச் செம்புக் கேப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுத்தி அடித்து ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன்.

ஒரு மணி நேரம் அரைத்த சந்தனம். மணம் அப்படியே இருந்தது. நல்ல கட்டை.

ஆத்தங்குடியில் ஆசாரியின் தோள் ஏன் குலுங்கியது என்பது அப்போதுதான் விளங்கியது. தென்மூலையில் பன்றி தின்ற கடலை, ஊர்ச் சிரிப்பு, மனு, ராத்திரி ராத்திரியாய்த் தட்டிய தகரம் எல்லாம் ஒரு பொட்டுக்குள் அடங்கியிருந்தன. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினியும் உட்கார்ந்தார். துப்பாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"கேப்பக் கழட்டுனதுமே தெரியும்."

"அப்ப அத்தன பேரு முன்னாடி, இந்த மடையன்தான் பண்ணுனான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்கு இவ்வளவு அவமானம் வந்திருக்காதே. எனக்காகவா மதினி மறைச்சீக?"

ஆமாம் என்று சொல்லப்போகிறார், அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மதினி ஊக்கைச் சுருக்குப் பையில் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்காக இல்ல தம்பி. சொல்லியிருந்தா, தப்பு அவன் மேல, அவனே தொடச்சு அவனே வெடிக்கட்டும்னு துப்பாக்கிய உங்க கையில குடுத்திருப்பாக. நீங்களும் வாங்கியிருப்பீக. எனக்கு என் கையால சுடணும்."